அம்பக்கா அம்பு விட்ட புத்தகங்கள்

திருப்பூரிலிருந்து எத்தனையோ பனியன்கள் வெளிநாடு போயிருக்கின்றன. ஆனால் அம்பக்காவின் கண்ணுக்குத் தப்பிப் போன பனியன் ஒன்றுகூடக் கிடையாது. அந்த முருகனே உட்கார்ந்து தைத்துக் கொடுத்திருந்தாலும், அக்குளில் ஒரு நூல் தொங்குகிறது என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் நான் பேக்கிங், அவர் செக்கிங். துணியில் ஓட்டையோ கறையோ தையல் விட்ட இடமோ தெரிந்தால், செக்கிங்கில் அந்த இடத்தில் அம்பு வடிவத்தில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பின் நுனி குறையைக் காட்டும். பீஸ் ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, திரும்பிப் போய்விடும். இது எல்லா கம்பெனியிலும் உள்ளதுதான். அம்பக்கா மட்டும் துணியோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். அவருடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

வடையில் ஓட்டை இருக்கலாம். எங்கள் கேண்டீன் வடையில் அது நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்ததாம். ஒட்டிவிட்டார் ஒரு அம்பு.

ஒருமுறை சரக்கு வாங்கும் வெள்ளைக்கார பையர் வந்த அன்று, எங்கள் சூப்பர்வைசர் புதுச்சட்டையில் பட்டனை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். அம்பக்கா அவரைக் கடந்து போனது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். மனிதர் வயிற்றில் சிவப்பு அம்போடு கம்பெனி முழுக்கச் சுற்றிக் காட்டினார். கடைசியில் பையரே அதைத் தொட்டுக் காட்டி, "ஆல்டர்?" என்று கேட்டுவிட்டார்.

"ஏனக்கா, நான் என்ன பீஸா?" என்று சாயந்திரம் சூப்பர்வைசர் கத்தினார்.

"பீஸா இருந்தா ஆல்டருக்கு அனுப்பியிருப்பனுங்க சார். உங்களை எங்கீங்க அனுப்பறது?" என்றார் அம்பக்கா, ரொம்பப் பணிவாக.

எனக்கும் அவருக்கும் குன்னத்தூர் பக்கம் போகும் ஒரே கம்பெனி பஸ். அதில் ஏறியதும் அம்பக்கா பையிலிருந்து நூலகப் புத்தகம் ஒன்றை எடுப்பார். பஸ் குலுங்கக் குலுங்கப் படிப்பார். திடீரென்று நிமிர்ந்து, இடுப்பில் செருகியிருக்கும் ஸ்டிக்கர் தாளை எடுத்து, புத்தகத்தில் ஓர் அம்பு ஒட்டுவார். அப்புறம் மறுபடி படிப்பார்.

பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவன் நான். பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் தொட்டதில்லை. புத்தகத்தில் என்ன ஓட்டை இருக்கும்? எழுத்துக்கு எப்படித் தையல் விடும்? தலை வெடித்துவிடும் போல இருந்தது. ஆனால் நான் சோற்றுக்கு இன்னொரு கரண்டி குழம்பு கேட்கவே கூச்சப்படுகிறவன். கேட்காமலே ஒரு வருடம் ஓடிவிட்டது.

மார்கழியில் அந்த நூலகத்தில் வருடக் கடைசிக் கணக்கெடுப்பு நடந்தது. புத்தகத்துக்குப் புத்தகம் சிவப்பு அம்பு கிளம்ப, நூலகர் அம்பக்காவுக்கு ஆள் அனுப்பிவிட்டார். அன்று பேக்கிங் பக்கம் வந்த அம்பக்காவின் முகம் சரியில்லை.

"கண்ணு, ஞாயித்துக்கெழமை கூட வர்றயா? என்ர லைப்ரரி கார்டைப் புடுங்கிக்குவாங்களாட்ட இருக்குது."

"நான் வந்து என்னக்கா பேசப் போறேன்?"

"நீ பேச மாட்டீன்னுதான் உன்னையக் கூப்படறேன். நான் ஒருத்தி பேசறதே அவருக்குப் போதும்." கையிலிருந்த ஸ்டிக்கர் தாளை மடித்து இடுப்பில் செருகினார். "கம்பெனி உட்டா ஊடு, ஊடு உட்டா கம்பெனி. நடுவுல எனக்கு அந்தக் கார்டு ஒண்ணுதான் கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை போனோம். இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டேன். நூலகர் மேசையில் புத்தகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்த வருடம் அம்பு வாங்கியவை மொத்தமும் அங்கே இருந்தன. குற்றவாளியாக வந்த அம்பக்கா, சொந்தக்காரர்களைக் கல்யாண வீட்டில் பார்த்தவர் போலக் கைதட்டிவிட்டார்.

"அட, எல்லாரும் இங்கயேதான் இருக்கறீங்களா!"

நூலகர் சிரிக்கவில்லை. "பக்கத்துக்குப் பக்கம் குத்தம் கண்டுபிடிக்கறீங்க. இவ்வளவு பிடிக்காதவங்களுக்கு எதுக்கும்மா புத்தகம்? கார்டைக் குடுங்க."

அம்பக்கா கார்டை எடுத்து நீட்டினார். முந்தானையில் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்.  நூலகர் கார்டை வாங்கிக்கொண்டு மேசை இழுப்பறையைத் திறந்தார்.

பேச மாட்டான் என்று நம்பிக் கூட்டி வந்த நான் அப்போது வாயைத் திறந்தேன். ஒரு வருடமாக அடக்கி வைத்தது, தானாக வந்துவிட்டது.

"அப்படி என்னதான் தப்புக்கா இருக்கு இதுல?"

அம்பக்கா என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார். "தப்பா? ஆரு சொன்னா? கம்பெனி கேட்டுக்குள்ள ஒட்டுனாத்தான் அது குத்தம். நாள் பூரா குத்தத்தையே பாத்துப் பாத்துக் கண்ணே புளிச்சுப் போவுது. கேட்டைத் தாண்டிட்டா புடிச்ச எடத்துக்குத்தான் ஒட்டுவேன்!"

நூலகரின் கை இழுப்பறையிலேயே நின்றது.

"இதப் பாருங்க சார்," என்று அம்பக்கா ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்தார். "கெணத்துக்காக அண்ணந்தம்பி ரெண்டு பேரும் வழக்காடறாங்க. செயிச்சுப்போட்டு, தம்பி மாட்டுக்கு அண்ணங்காரன் ஆரும் பாக்காம தண்ணி எறச்சு ஊத்தறான். இங்க ஒட்டாம வேற எங்கீங்க ஒட்டறது?" அடுத்தது, நகராத கப்பல் ஒன்றில் மாட்டிக்கொண்ட மாலுமியின் கதை; அதில் அம்புகள் பாதிப் புத்தகத்தோடு நின்றிருந்தன. "பாதி தூரம் பிரமாதமுங்க. அப்பறம் அவனுக்கும் சலிச்சுப்போச்சு, எனக்கும் சலிச்சுப்போச்சு." அடியிலிருந்து ஒல்லியாக ஒன்றை உருவினார். அதில் அம்புகள் மிளகாய்ப்பழம் காயப்போட்டது போல இருந்தன. "இந்த வருசத்துக்கே இதுதானுங்க ஒசத்தி. தேனீ வளக்கற புஸ்தகம். படிச்சதுக்கப்பறம் ஈயைக்கூட அடிக்க மனசு வரலீங்க."

நூலகர் இழுப்பறைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு நாவலை எடுத்தார். "இதையும் கொண்டுபோனீங்களே. இதுல ஒரு அம்புகூட இல்லை."

"நல்லாத்தானுங்க இருந்துது…" என்று இழுத்தார் அம்பக்கா.

"எனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம்மா இது."

"அப்பிடீங்களா? இன்னொருக்காப் படிச்சுப் பாக்கறனுங்க," என்று அதை வாங்கி அவசரமாகப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் நூலகர் சிரித்தார். ஆனாலும் விதி விதிதான். அம்பு அத்தனையையும் உரித்தால் கார்டு உண்டு என்றார்.

"உரிச்சுட்டா அந்த எடத்தை நான் எப்பிடீங்க கண்டுபுடிக்கறது?"

"மறுபடி படிச்சுத்தான்."

 நாங்கள் உட்கார்ந்து உரித்தோம். தாள் கிழியாமல் ஸ்டிக்கர் உரிப்பது பேக்கிங்காரனுக்குக் கைவந்த வேலை. ஆனால் ஒவ்வோர் அம்பும் எதைக் காட்டுகிறது என்று பார்க்காமல் என்னால் உரிக்க முடியவில்லை. அதைப் பார்த்தால், முன்னால் என்ன நடந்தது என்று தெரிய வேண்டியிருந்தது.

"உரிக்கச் சொன்னா, இவன் படிச்சுட்டு ஒக்காந்திருக்கறான்," என்று அம்பக்கா என் தலையில் தட்டினார். கிளம்பும்போது அவர் கார்டில் அந்தத் தேனீப் புத்தகத்தை எனக்கு எடுத்துக் கொடுத்தார்.

பஸ் வந்தபோது, "பாத்து ஏறு கண்ணு" என்று சட்டையைத் தொட்டு என்னை முன்னால் ஏற்றிவிட்டார்.

அறைக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். பாக்கெட்டுக்கு மேலே ஒரு சிவப்பு அம்பு. பதறிப்போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறை இல்லை. கிழிசல் இல்லை. தையல் எங்கும் விடவில்லை. பட்டன்கூட ஒழுங்காகத்தான் இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கம்பெனி கேட்டுக்குள் போகவே இல்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.