வேலை நாள் மழை

கணினித் திரையில் ஊர் பச்சைப்பசேல் என்று இருந்தது. கட்டம் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

மழை அளவு அலுவலகத்தில் அவர் புள்ளிவிவர அதிகாரி. தினசரிப் பதிவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் குதிப்பார். சைபர் இருந்தால் கூரைக்கே குதிப்பார். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். எண் சரியா என்று பார்க்கிற வழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. எண் இருந்தால் போதும்.

முப்பது வருஷச் சராசரி மழையோடு கடைசி மூன்று வருஷ மழையைக் கணினி ஒப்பிடும். வெகுவாகக் குறைந்திருந்தால் ஊர் சிவப்பாகும். சிவப்பு என்றால் நீண்டகால வறட்சி. தண்ணீர் லாரி வரும். பச்சை என்றால் எல்லாம் நலம்; லாரி வேறு ஊருக்குப் போய்விடும். மத்தியானத்துக்குள் அறிக்கை போயாக வேண்டும்.

குழாயில் காற்று வந்தே மாதக்கணக்காகிறது. இதில் பச்சையாம்!

கைப்பேசி அலறியது. மனைவி.

"என்னங்க, தெருவே நம்ம வாசல்ல குடத்தை வரிசை போட்டு வெச்சிருக்கு. இன்னிக்கு லாரி வரும்னு நேத்து நீங்க சொன்னீங்களாமே?"

"சும்மா பேச்சுவாக்குல சொன்னேன்டி."

"அதையும் நீங்களே வந்து சொல்லுங்க. என்னால வெளிய தலைகாட்ட முடியல."

கைப்பேசியை வைத்தார். பதிவைத் திறந்து பார்த்தார். மூன்று வருஷமாக எல்லா வேலை நாளிலும் மழை பெய்திருந்தது! கொஞ்சம்தான், ஆனால் தவறாமல். விடுமுறைக்கு மட்டும் மழையும் லீவு போட்டிருந்தது.

பியூன் கையில் தண்ணீர் பாட்டிலோடு எட்டிப் பார்த்தார். காலையில் மொட்டைமாடி ஏறி மழைமானியைப் பார்த்து எழுதுவது அவர் வேலை.

"முகம் வெளுத்திருக்கே, சார். ஒரு வாய் குடிங்க. முழுசும் குடிச்சிடாதீங்க, நான் இன்னும் மேல போகல."

கட்டம் சார் ஒரே ஒரு வாய் குடித்தார். மூளை கொஞ்சம் வேலை செய்தது. நம் மானி கெட்டுப்போயிருக்கிறது, அதன் கணக்கைத் தூக்கிவிட்டுப் பக்கத்து ஊர் மழையைப் போட்டால் ஆயிற்று! போட்டார். அந்த ஊர் மலைமேல் இருக்கிறது என்பது பொத்தானைத் தட்டிய பிறகுதான் உறைத்தது.

ஊர் நீலமானது. நீலம் என்றால் வெள்ளம்.

பதறிப்போய்ப் பழையபடி மாற்றப் பார்த்தார். பதற்றத்தில் விரல் 'அனுப்பு' மீது பட்டது. அடுத்த நிமிஷமே மேலிடத்திலிருந்து அழைப்பு.

"என்னய்யா இது? உங்க ஊருக்கு லாரி அனுப்பணுமா, படகு அனுப்பணுமா?" என்றார் இயக்குநர்.

"சார், அது வந்து... மாடியில தண்ணித் தொட்டி ஒழுகுது சார். அந்தத் தண்ணி மழைமானிக்குள்ள விழுந்து கணக்கு தப்பாயிடுச்சு."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். சொன்னதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"ஒழுகுதா? ஒழுகற அளவுக்கு உங்க தொட்டியில தண்ணி இருக்கா? அப்புறம் எதுக்கு லாரி? இருங்க, நானே வர்றேன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேலை போனாலும் போகட்டும், வெறுங்குடத்தோடு நிற்கிற தெருவை எந்த முகத்தோடு பார்ப்பது?

இயக்குநர் வந்ததும் பியூனையும் கூட்டிக்கொண்டு மூவருமாக மாடி ஏறினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. இயக்குநர் தொட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சிலந்தி குடும்பத்தோடு வசித்துக்கொண்டிருந்தது.

"இதுவா ஒழுகுது?"

கட்டம் சார் மூடியைத் திரும்பப் போட்டு மூடினார். இயக்குநர் மழைமானியைக் கழற்றினார். அடியில் தண்ணீர், சுத்தமான தண்ணீர், ஒரு மடக்கு இருந்தது. அண்ணாந்து பார்த்தார். பொட்டு மேகம் இல்லை.

"எனக்கே தலை சுத்துதே! இந்த வெயில்ல இதுக்குள்ள எப்படிய்யா தண்ணி வந்துச்சு?"

"தெரியலை சார். சத்தியமா தெரியலை," என்றார் கட்டம் சார். "ஊர் காய்ஞ்சு கிடக்கு சார். என் வீட்டுலயே குடிக்கத் தண்ணி இல்ல. மானி என்ன சொன்னாலும் நம்பாதீங்க சார்."

இயக்குநர் பியூன் பக்கம் திரும்பினார். "தினமும் இதைப் பார்க்கறது நீதானே? நீ எழுதினதெல்லாம் பொய்க் கணக்கா?"

பியூனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாதி காலியான பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கட்டம் சாரைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்கதானே சார் அன்னிக்குத் திட்டினீங்க, 'தினமும் சைபர்னா நீ மாடியே ஏறலைன்னு அர்த்தம்'னு? பொய் எழுத எனக்கு மனசு வரல சார், அதான் தினமும் ஏறி, வீட்டுல இருந்து கொண்டு வர்ற தண்ணியில ஒரு மடக்கு ஊத்தி, ஒழுங்கா அளந்து எழுதறேன்!"