யார் முகத்தில் விழித்தேனோ

சௌபாக்கியவதி தீபிகாவுக்கு,

தொம்மலூரிலிருந்து அப்பா ராஜேந்திரன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அங்கு நீ, மாப்பிள்ளை, அம்மா மூவரும் நலம் என்று உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இங்கு நலம் சொல்ல நான் ஒருவன்தான். போன் செய்தால் அம்மா எடுப்பதில்லை, நீ மீட்டிங் என்கிறாய், அதனால் கடிதம்.

உங்கள் வைட்ஃபீல்ட் கிரகப்பிரவேசத்தன்று சீர் வைத்த பையை அம்மா கேபிலேயே மறந்துவிட்டாள் என்று, சம்பந்தி வீட்டார் முன்னால் அவளை மூதேவி என்றேன். தப்புதான். அவள் கடைசிப் பந்திவரை பரிமாறிவிட்டு, நான் கிளம்பும்போது சொன்னாள்: "முப்பத்தாறு வருஷம் என் முகத்துல முழிச்சு அவஸ்தைப்பட்டீங்க. இனிமே வேற யார் முகத்துலயாவது முழிச்சுக்கோங்க."

நானும் விழித்துப் பார்த்தேன். முதல் நாள் எதிர்வீட்டு லட்சுமம்மா முகம். பேரிலேயே லட்சுமி இருக்கிறாளே என்று தெம்பாகக் கிளம்பினால் சிக்னலில் ஸ்கூட்டர் பஞ்சர், தள்ளிக்கொண்டு வரும்போது மழை, மழையில் செருப்பும் அறுந்தது. மறுநாள் காலண்டர் மகாலட்சுமி. குக்கரில் தண்ணீர் ஊற்ற மறந்து, புகையைப் பார்த்துத் தெருவே வந்து கதவை இடித்தது. மூன்றாம் நாள் யார் முகமும் வேண்டாமென்று கண்ணை மூடிக்கொண்டே குளியலறைக்குப் போய், நிலையில் இடித்து நெற்றியில் மூன்று தையல். அவள் போய் மூன்று வாரமாகிறது, பீடை மட்டும் இங்கேயே இருக்கிறது. அது யார் என்று எனக்கும் புரிகிறது.

அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்தில் அகராதி பார்த்தேன். மூதேவி என்றால் மூத்த தேவி, ஸ்ரீதேவிக்கு அக்காவாம். பக்கத்திலிருந்த இன்னொரு புத்தகத்தில், ஒரு காலத்தில் அவளையும் சிலை வைத்துக் கும்பிட்டார்கள் என்று போட்டிருந்தது. பிறகு தங்கைக்கு மவுசு வந்ததும் அக்காவை வெளியே தள்ளி, வீட்டில் எது கெட்டாலும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அங்கேயே அழுதுவிட்டேன் தீபிகா. நூலகர் ஜானகி தையல் வலிக்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

இனி அந்த வார்த்தை என் வாயில் வராது, சத்தியம். அவளை வரச் சொல். அவளில்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள்.

அன்புள்ள அப்பா,
ராஜேந்திரன்

பி.கு.: கடிதத்தை மடித்ததும் சமையலறைப் பக்கம் பார்த்து, "அடி மூதேவி, கவரை எங்க வெச்சே?" என்று கத்திவிட்டேன். பதில் வருமென்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். கவர் கிடைக்கவில்லை; மாடிவீட்டு அருண்குமார் அந்தப் பக்கம் வேலைக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்தப் பி.கு.வை மட்டும் விட்டுவிடு.