தாமிரத் தேளும் கட்டம் போட்ட துண்டும்

சிறுவயதில் நமக்குப் பிடித்த எதையாவது "புதுசாக்கித் தருகிறேன்" என்று யாராவது கிளம்பினால் உடனே சந்தேகப்பட வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. சந்தேகப்பட்டுவிட்டுப் பேசாமல் அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

பள்ளி நாட்களில் நான் 'தாமிரத் தேள்' காமிக்ஸ் வெறியன். செம்பு நிற முகமூடி போட்ட வீரன். எத்தனை புத்தகம் வந்தாலும் முகத்தை மட்டும் காட்டவே மாட்டான். அவனை வைத்துப் புதிதாகப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது நான் ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகன். எதிலாவது குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். (விடுமுறையிலும் அந்தப் புத்தி ஓயாது.) டிரெய்லரைப் பார்த்தேன். முகமூடி கறுப்பாக இருந்தது. போதாக்குறைக்கு வீரன் அழுதான். எடுத்தவர்கள் காமிக்ஸைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று முடிவு கட்டினேன். என் எதிர்ப்பைக் காட்ட, அட்டையில் முகமூடி வெட்டி, உள்ளும் புறமும் செம்பு நிறப் பெயிண்ட் அடித்து, அதைப் போட்டுக்கொண்டு படம் பார்ப்பது என்று தீர்மானித்தேன். அப்போது எனக்குக் கல்யாண வயது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பெண்கூடப் பார்த்தாகிவிட்டது. சிங்காரப்பேட்டைப் பெண், தேன்மொழி. எனக்குப் பிடித்துவிட்டது, அவளுக்கும் பிடித்த மாதிரிதான் பட்டது. ஆனால் அவள் அப்பா போர்வெல் வண்டியோடு ஆந்திரா பக்கம் போயிருந்தார். "அவரு வந்து சொல்லட்டும்" என்று பதிலை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஞாயிறு மதியக் காட்சிக்கு அறையிலிருந்து இறங்கியபோதே தெருமுனையில் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். கட்டம் போட்ட துண்டு, முறுக்கு மீசை. டீக்கடையில் நின்றேன், அவரும் நின்றார். பஸ் ஏறினேன், அவரும் ஏறினார். நான் திரும்பினால் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரசித்தார். பிக்பாக்கெட் என்று நினைத்து பர்ஸைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். தியேட்டரில் எனக்குப் பின்வரிசையில் அவரே வந்து உட்கார்ந்தார்.

நான் முகமூடியை மாட்டிக்கொண்டேன். படம் தொடங்கியது. நான் பயந்தபடியே, ஊரே பார்க்க வீரன் முகமூடியைக் கழற்றி அம்மா மடியில் விழுந்து அழுதான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தபோது பின்னால் போன் வெளிச்சம். திரும்பினால் அந்த மீசைக்காரர், போனை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் விளங்கிவிட்டது. எகிறிப் போய் அவர் கையை முறுக்கிப் பிடித்தேன்.

"படத்தைத் திருட்டுத்தனமா எடுக்கறான்! புடிங்க!"

"கூத்கொள்ரீ!" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி ஒரு குரல். "லைட்டப் போடு!" என்று தமிழில் ஒரு குரல். விளக்கு எரிந்தது; படம் நின்றது. மேனேஜர் வந்து போனைப் பார்த்தார். அதில் படத்தின் ஒரு காட்சிகூட இல்லை. நான்தான் இருந்தேன். டீ குடிக்கும் நான். பஸ்ஸில் முதுகு சொறியும் நான். முகமூடிக்கு அடியில் பாப்கார்ன் திணிக்கும் நான்.

"இவர எதுக்குங்க எடுத்தீங்க?" என்றார் மேனேஜர், என்னையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு.

மீசைக்காரர் கையைத் தேய்த்துக்கொண்டார். "எம் பொண்ணுக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளங்க. ஆளு எப்பிடின்னு தெரியாம பாத்துனு போலாம்னு வந்தேன். மூஞ்சியப் பாக்க வந்தா, இவரு மூஞ்சிய மூடினு உக்காந்துகினு இருக்காரு!"

தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. கன்னடக்காரருக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் தனியாக ஒருமுறை சிரித்தார்.

"அதக் கழட்டுப்பா" என்றார் வருங்கால மாமனார். கழற்றினேன். பெயிண்ட் சரியாகக் காயவில்லை. (தரப் பரிசோதகன்!) முகத்தில் ஒட்டிக்கொண்டு நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் செம்பு. "இப்ப நேராப் பாரு" என்று நிதானமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு, கும்பிடுகூடப் போடாமல் கிளம்பிப் போய்விட்டார்.

சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்று முகத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தேன்மொழி அழைத்தாள்.

"எங்கப்பா கைய முறுக்கினீங்களாமே?"

"தெரியாம... திருடன்னு..."

"தப்புன்னு பட்டா எந்திரிச்சுக் கேக்கற ஆளு, குடுக்கலாம்னு சொல்லிட்டாரு. அவருக்கு உங்க மேல சந்தேகம் தீந்துபோச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த போட்டோவப் பாத்த பெறகு எனக்குத்தான் ஆரம்பிச்சிருக்குது."

சந்தேகத்தோடேயே என்னைக் கட்டிக்கொண்டாள். கல்யாண மேடையில் போட்டோக்காரர் கேமராவைத் தூக்கியதும் மாமனார், "தம்பி, மாப்பிள்ளைய ஒரு வார்த்த கேட்டுனு எடு, கைய முறுக்கிருவாரு" என்றார். இப்போது அந்த வீட்டில் எந்த விசேஷத்திலும் இதைச் சொல்லாமல் யாரும் படம் எடுப்பதில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மாமனார் போனில் என் எண்ணுக்கு இன்றும் அந்தச் செம்பு மூஞ்சிதான். எவ்வளவு அவசரமாக அழைத்தாலும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் காட்டி முடித்துவிட்டுத்தான் எடுப்பார்.