சரிவு பார்த்து ஜீப் நிறுத்துபவர்

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஜீப்பின் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டியது. ஒழுகல் நிற்குமாம். மெக்கானிக்கல் படித்து, அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் இயந்திரங்களை மேய்க்கும் தமிழ்மொழி புனலைப் பிடித்துக்கொண்டாள். அப்பா, குன்னத்துச் செல்லக்கண்ணு, கொட்டினார். ஒழுகல் நின்றது. அவளுக்கு எரிச்சலே அதுதான்.

செல்லக்கண்ணுவைத் தனி மனிதர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் ஓர் இனம். முப்பது வயது டீசல் ஜீப்பைக் காசு செலவழிக்காமல் ஓட்டிவிடுவது என்று சபதம் எடுத்த இனம். பெரம்பலூர் தொடங்கி அரியலூர் வரை ஊருக்கு ஒருவராவது உண்டு. உங்கள் ஊரில் இல்லையென்றால் குனிந்து பாருங்கள், வண்டிக்கு அடியில் படுத்திருப்பார்.

இவர்கள் சமதளத்தில் வண்டியை நிறுத்த மாட்டார்கள். பேட்டரி வாங்குவதற்குப் பதிலாகச் சரிவைக் கண்டுபிடித்தவர்கள் அல்லவா? திருமழபாடியில் கல்யாணம் என்றால் ஜீப் கொள்ளிடக் கரை மேட்டில் நிற்கும். செல்லக்கண்ணு மொய்க் கவரைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஒரு மைல் நடந்து மண்டபம் சேர்வார். சாப்பிட்டதும் ஒரு மைல் நடந்து திரும்பி, பிரேக்கை விட்டு, உருட்டி, கியரைப் போட்டு, புகையோடு புறப்படுவார். மேட்டில் வீடு கட்டிய சொந்தக்காரர்களெல்லாம் நல்லவர்கள். பள்ளத்தில் கட்டிய கொழுந்தியாள் வீட்டுக்கு அவர் போய் ஆறு வருடம் ஆயிற்று.

டீசல் டேங்கில் ஓட்டையா? சோப்பை அப்பினால் போதும்.

"ஏங்க, குளிக்கிற சோப்பு எங்க?" என்பார் மனைவி வேம்பு.

"டேங்குல இருக்கு."

"அப்ப நான் எதப் போட்டுக் குளிக்கிறது?"

"நீ என்ன ஒழுகவா செய்யிற?"

மகள் ஆலையிலிருந்து போல்ட் இறுக்கும் அளவு காட்டும் ஸ்பேனர் ஒன்றை இரவல் கொண்டுவந்தாள். எவ்வளவு முறுக்கு ஏறியிருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். செல்லக்கண்ணு அதை மரியாதையாக வாங்கி, துடைத்து, பெட்டியிலேயே வைத்தார். "நம்பரப் பாத்து இறுக்குறவனுக்குக் கை எதுக்கு பாப்பா?" என்றார்.

மஞ்சளுக்கு வருவோம். மஞ்சள் தூளுக்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. இரண்டையும் அடைத்தது. மூன்றாம் நாள், பருத்தி மூட்டைகளோடு கீழப்பழுவூர் தாண்டும்போது இன்ஜின் கொதித்து, கேஸ்கட் போய், மேல் மூடியான ஹெட்டில் விரிசலும் விழுந்தது. செல்லக்கண்ணு கலங்கவில்லை. இந்த இனத்துக்கு வண்டி நின்ற நாள்தான் திருவிழா. ஜீப்பை வீட்டுக்கு இழுத்துவரச் செய்து, ஹெட்டைத் தானே கழற்றி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, அரியலூர் ஆண்டவர் லேத்துப் பட்டறையில் இறக்கிவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு. திருப்புளியைக் காதில் வைத்து எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லக்கூடியவர், தன் நெஞ்சை எந்த டாக்டரிடமும் காட்டியதில்லை.

காரியம் முடிந்தது. ஜீப் வாசலில் வாயைப் பிளந்தபடி நின்றது.

"வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்கார ராஜேஷு வந்து இழுத்துட்டுப் போயிடுவான்," என்றார் வேம்பு.

"அம்மா, சரி பண்ணிடலாம்மா."

"ஓடுச்சுன்னா இருக்கட்டும். ஓடாம நிக்கிறத என்னால தினம் பாக்க முடியல."

கெடு மூன்று நாள். தமிழ்மொழி முறையாகச் செய்வதென்று முடிவெடுத்தாள். பட்டியல் போட்டாள்: புதுக் கேஸ்கட், புதுக் குழாய்கள், புது ரேடியேட்டர். முறை என்றால் அவளுக்கு உயிர். தலைமுடி அளவு விரிசல் கண்ட பாகத்தையும் ஆலையில் 'தேறாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள். புதன்கிழமை பட்டறையில் போய் நின்றாள்.

பட்டறைக்காரர் ஆண்டவர் ஹெட்டைப் புரட்டிக் காட்டினார். "விரிசல் நீளம்மா. வேற ஹெட்டு வாங்கிப் போட்டுடுங்க."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அது தண்ணி ஓடுற பக்கந்தானே? எரியிற பக்கம் இல்லியே. விரிசல் நெடுக நாலு மரையாணி இறக்கித் தச்சுடலாம். நிக்கும்."

"நிக்கும்னு எழுதித் தருவீங்களா?"

"எழுதல்லாம் மாட்டேன். ஆனா நிக்கும்."

ஆண்டவர் லேத்தை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கப்பாவும் இதத்தான் சொன்னாரு. அவராவது படிக்காதவரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிச் சற்று நேரம் வெளியே போய் நின்றாள். பட்டறையில் தூசிக்கா பஞ்சம்?

"சரி, ஆணியப் போடுங்கண்ணே," என்றாள் திரும்பி வந்து.

"எதுல போடுறது? கடைக் கம்பி இதுக்கு ஆகாது. வார்ப்பிரும்பு வேணும். ஒடஞ்ச தையல் மெஷின் காலு ஒண்ணு இருந்தா கொண்டாங்க, கடஞ்சு எறக்கிடுறேன்னு உங்கப்பாகிட்ட அன்னிக்கே சொன்னேன். நாளைக்கே கொண்டாரேன்னு போனாரு."

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள். அப்பனைப் போலவே மகளும் என்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? எதற்காவது ஆகும் என்று சாக்கில் கட்டி, மனைவியோ கணவரோ தூக்கிப் போடச் சொன்னபோதெல்லாம் சண்டை போட்டுக் காப்பாற்றிய அந்த மூட்டையைச் சற்று இறக்கிப் பாருங்கள். அதில் ஒரு தையல் மெஷின் கால் கிடந்தால், குன்னத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள்.