முன்னால் போகும் எறும்பு

"எறும்பு வழி தவறாம எப்படிப் போகுது? யாராச்சும் சொல்லுங்கப்பா!"

ஒல்லி, தன் படிப்புக் குழுவின் வாட்ஸ்அப்பில் கேள்வியைப் போட்டு நாற்பது நிமிடம் ஆயிற்று. மற்ற நான்கு பேரும் பார்த்துவிட்டார்கள்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை பேராசிரியர் இணையத்திலேயே வாய்மொழித் தேர்வு வைக்கிறார். குழுவில் யார் குறைவாக வாங்குகிறாரோ, அந்த மதிப்பெண்தான் ஐவருக்கும். ஒல்லிக்கு இது மூன்றாவது முறை. இதிலும் கோட்டை விட்டால் பல்கலைக்கழகம் பெயரை அடித்துவிடும்.

நகத்தைக் கடித்தபடி கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான்.

"கேட்டா எவன்டா சொல்வான்? எதையாவது தப்பாச் சொல்லு. திருத்தறதுக்கு ஊரே ஓடி வரும்," என்றாள் அக்கா, துணி மடித்துக்கொண்டே.

ஐவரும் சேர்ந்து எழுதும் இணையக் கட்டுரையில் ஒல்லி ஒரு வரி சேர்த்தான்: 'ஒவ்வோர் எறும்பும் முன்னால் போகும் எறும்பின் பிட்டத்தைப் பார்த்தே நடக்கிறது.'

பதில் பறந்து வந்தது.

"அட, பிரமாதம்டா!" என்றாள் வகுப்பில் முதலாவதாக வருகிறவள். குழுவின் ஓவியன் அம்புக்குறி போட்டுப் படமே வரைந்துவிட்டான். மற்ற இருவரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

ஒல்லி அவசரமாகத் தட்டினான்: "இல்லப்பா, தப்பா இருக்கலாம்."

"தன்னடக்கத்தைப் பாரு!"

வரியை அழித்தான். இரண்டே நிமிடத்தில் அது கொட்டை எழுத்தில் தலைப்பாகத் திரும்பி வந்தது.

"சரி, முதல் எறும்பு யாரோடதைப் பார்க்கும்?" என்று மடக்கினான்.

"அது தலைவன்டா, உன்ன மாதிரி. நாளைக்கு நீதான் பேசற," என்றான் ஓவியன்.

ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை. முதுகு மடங்காத பாடப்புத்தகத்தை ஒல்லி முதன்முறையாகப் பிரித்தான். 'வாசனைதான் வழி' என்ற பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினான்.

"வாசனைன்னா காத்துல போயிடாதா?" என்றாள் முதலாவதாக வருகிறவள். புரட்டிப் பார்த்துப் பதில் போட்டான். "ரெண்டு பாதை இருந்தா?" அதற்கும் புரட்டினான். அத்தியாயமே தீர்ந்துவிட்டது, ஒருத்தரும் மசியவில்லை.

காலையில் பேராசிரியர் கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருடைய கண்டுபிடிப்பு இது?"

நான்கு பேரும் ஒல்லியைக் காட்டிக்கொடுத்தார்கள்.

"தப்பு சார், அத்தனையும் தப்பு! எறும்பு வயித்துலருந்து ஒரு வாசனையைத் தரையில பூசிட்டே போகும். பின்னால வர்றது உணர்கொம்பால மோந்துக்கிட்டு வரும். குறுக்குப் பாதையில போக்குவரத்து சீக்கிரம், வாசனையும் சீக்கிரம் கூடும், எல்லாம் அங்க திரும்பிடும். தீனி தீர்ந்தா பூசறதை நிறுத்திடும், பாதை மங்கிடும். இவங்ககிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார், ஒருத்தரும் கேக்கல!"

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஓவியன் தொண்டையைச் செருமினான். "சார், அவன் படிச்சுட்டான். இப்ப நிஜக் கட்டுரையை அனுப்பட்டுமா?"