ராகம் அச்சிட்ட ஆறு கப்புகள்

எனக்குப் பாட்டு வராது. கோயிலில் ஞாயிறு ஆராதனையில் வாயை மட்டும் அசைப்பேன். தவறிச் சத்தம் வந்துவிட்டால் முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு பாட்டுக்கும் இன்னொரு பாட்டுக்கும் ராகத்தில் வித்தியாசம் உண்டு என்பதையே பிறர் சொல்லித்தான் நம்புகிறேன்.

இப்படிப்பட்ட என்னைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு குடும்பம் ராஜபாளையத்துக்கு வருவதாக ஏற்பாடானது. பையனின் அப்பா அவர்கள் கோயிலில் முப்பது வருஷமாகப் பாடகர் குழுவை நடத்துபவர். மனைவியும் மகனும் அந்தக் குழுவில்தான். பிள்ளை பாடுவாளா என்று அவர் போனில் கேட்க, என் அப்பா யோசிக்காமல், "நல்லாப் பாடுவா" என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். (பாவம், அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.) எனக்கோ பையனின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே மனசு அங்கே போய்விட்டது.

ஒரு வாரத்தில் பாட்டுக் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் என் மூளை வேறு வழியில் ஓடியது. நான் பாடாவிட்டால் என்ன, அவர்களுக்குக் கொடுக்கிற சாயங்கால டீயைப் பார்த்தாலே இது சங்கீதம் தெரிந்த வீடு என்று பட வேண்டும்.

எங்கள் கோயில் ஆர்கன் பக்கத்தில் அட்டை கிழிந்த ராகப் புத்தகம் ஒன்று கிடக்கும். பாட்டின் வரிகள் இருக்காது. ஐந்து கோடுகளும் கறுப்புப் புள்ளிகளும்தான். அதில் ஓரம் அழுக்கேறி, மடங்கி, நிறையப் பேர் கைபட்டிருந்த ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். அடிக்கடி வாசிக்கிறார்கள் என்றால் எல்லாருக்கும் பிடித்த பாட்டாகத்தானே இருக்க வேண்டும்? போனில் படம் எடுத்து, கப்பில் போட்டோ அச்சடிக்கும் ஸ்டுடியோவில் கொடுத்தேன். இதென்ன எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார் கடைக்காரர். (இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மட்டும் தெரிந்த மாதிரி.) ஆறு கப், ஆறு தட்டு.

பலகாரமும் பொருந்த வேண்டுமே. பால்கோவாவை உருட்டி, கோகோ தூளில் புரட்டி, பாதாம் சீவலைக் காம்பு மாதிரி செருகி, புத்தகத்தில் இருந்த இசைக்குறிகளைப் போலவே செய்தேன். (ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கே பால்கோவா. அந்த அறிவும் அன்றைக்கு வேலை செய்யவில்லை.) சித்தி எட்டிப் பார்த்து, "ஏட்டி, தலைப்பிரட்டையப் பிடிச்சு எதுக்குத் தட்டுல வச்சிருக்க?" என்று கேட்டாள். அன்றைய வெயிலில் அவை இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, அவள் சொன்னது போலத்தான் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்தார்கள். கையில் இரண்டு கிலோ பால்கோவா. நான் டீயைக் கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் நின்றேன்.

பையனின் அப்பா கப்பை வாயருகே கொண்டுபோய், அப்படியே நிறுத்தினார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். கப்பை மெல்லத் திருப்பித் திருப்பிப் படித்தபடி முனக ஆரம்பித்தார். அவர் மனைவி தன் கப்பைப் பார்த்து, பழக்கத்தில் இரண்டாம் குரலில் சேர்ந்துகொண்டார். பையன் கீழ்க்குரலைப் பிடித்தார். ஜெபம் தொடங்கிவிட்டது என்று நினைத்த என் அப்பா எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால், அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

பாடி முடித்ததும் அவர் என்னைப் பார்த்தார். "இந்தப் பாட்ட நீயாம்மா எடுத்த?"

"ஆமா மாமா. எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு."

அவர் கப்பை மெல்லத் தட்டில் வைத்தார். பிறகு, "இது கல்லறையில பெட்டிய எறக்கும்போது பாடுததும்மா" என்றார்.

என் தாய்மாமாவை அடக்கம் செய்தபோது பாடியதும் அதுதானாம். அதனால்தான் அம்மா அழுதிருக்கிறாள்.

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அதற்குமேல் மறைக்க என்னிடம் தெம்பில்லை. "எனக்குப் பாட்டே வராது மாமா. அப்பா போன்ல சொன்னது பொய்" என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் கண்ணைத் திறந்த அப்பா மறுபடியும் மூடிக்கொண்டார். இந்த இடமும் போயிற்று என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பையன் பக்கமிருந்து ஒரு சத்தம். சிரிப்பை அடக்கப் பார்த்து, டீ மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீரோடு இருமிக்கொண்டிருந்தார். இருமல் நின்றதும் காலிக் கப்பை என்னிடம் நீட்டி, இன்னொரு டீ கிடைக்குமா என்று கேட்டார். அவருடைய அப்பாவும் சிரிக்கத் தொடங்கினார். அந்த மாதக் கடைசியிலேயே நிச்சயம் முடிந்தது.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டுக்கு 'மருமகள் பாட்டு' என்றே பெயர். ஊரில் எந்த அடக்கத்துக்குப் போனாலும் அந்த ராகம் தொடங்கியதும் நானும் என் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

ஆறு கப்பில் ஐந்து உடைந்துவிட்டன. மிஞ்சிய ஒன்றை என் மாமனார் யாரையும் தொடவிடுவதில்லை. எழுபத்தெட்டு வயதில், தினமும் நாலு மணிக்கு அதில்தான் டீ. கப்பைத் திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டேதான் குடிப்பார். வீட்டுக்குள் இதென்ன பாட்டு என்று அத்தை திட்டாத நாளில்லை. போன வாரம் அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"எனக்கு இதப் பாடுத அன்னைக்கு நான் கூடச் சேர்ந்து பாட முடியாதுல்லா. அதான் இப்பமே பாடிக்கிடுதேன்."