சாவிக்கொத்துத் தவளையின் நிரந்தர முகவரி

என்றும் என் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய பெரியக்காவுக்கு,

தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் அவளுடைய தவளையும் நலம். அங்கே உன் முழங்கால், அத்தானின் சர்க்கரை, உன் மருமகளின் உத்தியோகம் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்க வேண்டும். போனில் சொல்ல முடியாததையா எழுதிவிடப் போகிறான் என்று நீ நினைப்பாய். போனில் நான் "அக்கா" என்றதும் மீதியை நீயே பேசிவிடுகிறாய். நன்றி சொல்லலாம் என்று இந்த மாதம் பல முறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் உன் முழங்காலுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்ததுதான் மிச்சம். அதனால்தான், ஓய்வு பெற்ற புதிதில் பெயரும் முகவரியும் போட்டு அச்சடித்து வைத்த இந்தத் தாளை எடுத்தேன். கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. இருப்பைத் தீர்க்காமல் புதுச் சரக்கு எடுக்கக் கூடாது என்பதை மருந்துக் கிடங்கில் தலைநரைத்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் துண்டு துண்டாகத்தான் தெரியும். கோர்வையாகச் சொன்னால்தான் நான் பட்ட கடனின் கனம் புரியும். என் வீட்டுக்காரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், காதை வைத்தே சம்பளம் வாங்கியவள். அந்தக் காது ஓய்வு பெற மறுத்துவிட்டது. மழை வந்தால் ஊரார் துணி எடுக்க ஓடுவார்கள், இவள் போனை எடுத்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடுவாள். தவளை கத்தினால் பதிவு செய்வாள். "இது நேத்து கத்தினவன் இல்லைங்க, வேற ஆளு. இவனுக்கு மூக்கடைப்பு" என்பாள். நாங்களோ வாடகை வீட்டுக்காரர்கள். பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு அலைவது மாதிரி வீட்டுக்கு வீடு மாறுகிறவர்கள். அப்படி ஒரு மாடி வீட்டில் இருந்தபோது, மோட்டார் அறைக்குப் பின்னால் யாரோ சாவிக்கொத்தை ஆட்டுகிற சத்தம் கேட்டது. நான் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன், சாவி இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள், தவளை இருந்தது. கட்டைவிரல் அளவுதான். சத்தத்தைப் பிடித்துவிட்டாள்.

இவளுடைய தவளைகளை எல்லாம் உலகம் கேட்கட்டும் என்று, முதியோருக்கான கணினி வகுப்பில் கற்றதை வைத்து, காசில்லாமல் கிடைத்த இடத்தில் நான் ஓர் இணையதளம் போட்டேன். தவளைகளை ஆராயும் ஒரு பெண்மணி எங்கிருந்தோ அதைக் கேட்டுவிட்டு, காட்டு ஓடையில் மட்டும்தான் இருக்கும் என்று எல்லாரும் எண்ணியிருந்த இந்த வகை ஊருக்குள்ளேயும் இருக்கிறது என்று கட்டுரை எழுதி, ஆதாரமாக என் வீட்டுக்காரியின் பெயரையும் அந்தப் பக்கத்தின் லிங்க்கையும் அடியில் போட்டிருந்தார். அதுவரை நல்லதுதான். ஆனால் என் கை சும்மா இருக்குமா? கிடங்கில் மாதம் ஒரு முறை அடுக்கை மாற்றி வைப்பேன். அப்போதுதான் எலி எங்கே குடியிருக்கிறது என்று தெரியும். இணையதளத்தில் எலி வராது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தவளைகளை அளவுவாரியாக அடுக்கினேன், பிறகு மழைவாரியாக அடுக்கினேன், பிறகு இதைவிட விசாலமான வேறோர் இலவச இடம் கிடைத்தது என்று மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போனேன். காலியாக விட்டுப்போன பழைய பெயரை ஒரு மெத்தைக் கடை எடுத்துக்கொண்டது. யாரைக் குற்றம் சொல்வது, காலி வீட்டில் ஆள் குடிவருவது இயற்கைதானே.

ஒரு நாள் அந்த ஆராய்ச்சிக்காரியிடமிருந்து பதறிப்போய் ஒரு மின்னஞ்சல். கட்டுரையை அச்சிடப் போகிற பத்திரிகை ஆசிரியர் அவரிடம் கேட்டிருக்கிறார்: "உங்கள் ஆதாரத்தை அழுத்தினால் மெத்தை வருகிறது. இரண்டு வாங்கினால் தலையணை இலவசம் என்கிறது. தவளை எங்கே?" வெள்ளிக்கிழமைக்குள் ஒலிப்பதிவைக் காட்டாவிட்டால் அந்த ஆதாரத்தையும் ஊருக்குள் தவளை இருக்கிறது என்ற முடிவையும் நீக்கிவிடுவார்களாம். நான் புது இடத்தைத் திறந்து பார்த்தேன். அந்த இலவச நிறுவனமே கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தது. கணினியில் பார்த்தேன். ஒரே பொருளுக்கு இரண்டு இருப்பு எதற்கு என்று போன வருடமே ஒழுங்குபடுத்தியிருந்தேன். அழித்துவிட்டேன் என்று அவள் சொல்கிறாள். அழிப்பது வேறு, ஒழுங்குபடுத்துவது வேறு, கிடங்கில் வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். அவள் போனையும் இடையில் மாற்றியிருந்தோம். மறுபடி போய்ப் பதிவு செய்யலாம் என்றால், அந்த மாடி வீட்டுச் சாக்கடைக்கு மேல் காங்கிரீட் போட்டு இப்போது வண்டி நிறுத்துகிறார்கள்.

அவள் கழுவின தம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து, "தலையணையாவது நல்லா இருக்கான்னு பார்த்தியா?" என்றேன். தவளை தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொல்லி வைத்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கேட்டேங்க. என் காதால கேட்டேன். இனிமே படிக்கிறவங்க, இந்தப் பொம்பளை இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கான்னுதானே நினைப்பாங்க?"

அக்கா, நாற்பது வருடம் யார் பேச்சையும் ஒட்டுக் கேட்காமல், யார் ரகசியத்தையும் வெளியில் விடாமல் அந்த எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள். அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேனே. அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன்.

"அழாதடா. அழறது அவளா நீயா?" என்றாய். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? அவ அன்னிக்கு மழையில நின்னுக்கிட்டே எனக்கு அனுப்பினாளே. நான் எதையாவது அழிச்சிருக்கேனா?" என்றாய். நீ எதையும் அழிக்கிறதில்லை என்று உன் போனை நாங்கள் எத்தனை கேலி செய்திருப்போம். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூக்களுக்கு அடியில், அத்தானின் ரத்தப் பரிசோதனைக்குக் கீழே, யாரோ குழந்தை முதல்முறை குப்புற விழுந்த வீடியோவுக்குப் பக்கத்தில், அனுப்பிய தேதியும் நேரமும் அப்படியே ஒட்டிக்கொண்டு தவளை உட்கார்ந்திருந்தது. கேலி செய்த வாயில் சர்க்கரை போடு அக்கா.

பல்கலைக்கழக நூலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கும் உன் மருமகள் போனை வாங்கிக்கொண்டது எங்கள் அதிர்ஷ்டம். அந்தத் தங்கமான பெண் என்னைத் திட்டாமல் விளக்கினாள். "மாமா, லிங்க்குங்கறது வீட்டு விலாசம் மாதிரி. வீடு மாறினா அது செத்துப்போயிடும். நாங்க பதிவை எங்க நூலகத்துல வச்சு அதுக்கு ஒரு நிரந்தர எண் வாங்கித் தர்றோம். அது நம்ம அத்தை மாதிரி" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "நம்ம குடும்பத்துல யார் வீடு மாறினாலும் அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறாங்க. யாரைத் தேடினாலும் அத்தையைக் கேட்டா இப்ப எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சிடுது. அத்தை மட்டும் மாற மாட்டாங்க" என்றவள், குரலைத் தணித்து, "மாத்தவும் முடியாது" என்றாள். இதை நான் உன்னிடம் சொன்னதாகச் சொல்லாதே. பிறகு, "ஒண்ணே ஒண்ணு மாமா. பொருளை இடம் மாத்தினா எண்ணை வச்சிருக்கிறவங்ககிட்ட சொல்லணும். சொல்லலைன்னா எண் இருக்கும், ஆனா பழைய இடத்தையே காட்டிக்கிட்டு இருக்கும்" என்றாள். அவ்வளவு சின்ன விஷயம். அதை மறப்பவன் மனுஷனே இல்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே எண் போய்ச் சேர்ந்தது, தவளையும் போய்ச் சேர்ந்தது. கட்டுரை வந்துவிட்டது. அடியில் அவள் பெயர், சாக்கடை இருந்த தெரு, தேதி, அந்த எண். அவள் எண்ணை அழுத்தினாள். மழைச் சத்தம், அதற்குள் சாவிக்கொத்து. கணினியை அணைத்துப் போட்டு அழுத்தினாள், வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரரின் போனை வாங்கி அதில் அழுத்தினாள், அதிலும் வந்தது. தையல்காரர் தன் சாவியைத் தேடினார். இவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி நல்லா இருக்கணும்" என்றாள். நானும் கொஞ்சம் அழுதேன், சொன்னால் என்ன.

அந்த உற்சாகத்தில் நான் வீட்டுச் சாமான்களுக்கும் நிரந்தர எண் ஒட்டி, எந்த எண் எங்கே என்று கணினியில் ஏற்றினேன். மூக்குக்கண்ணாடி அலமாரி மேல்தட்டில் என்று கணினி சத்தியம் செய்தது. மூக்குக்கண்ணாடி என் நெற்றியில் இருந்தது. உப்பு டப்பாவின் எண்ணைப் பார்த்துப் போய் சோப்புத் தூளை எடுத்தேன், குழம்பு நுரைத்தது. "நம்பர் ஒட்டினா ஆச்சா? எடுத்து வேற இடத்துல வச்சா சொல்லணும்ல?" என்று அவள் மருமகள் சொன்னதையே சொன்னாள். படித்தவள், படிக்காதவன் எல்லாருக்கும் அதுதான் பாடம்: இடம் மாறினால் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

சொல்ல மறந்தேன், மழையில் பதிவு செய்ய இவளுக்கு நீ அனுப்பிய மழைக்கோட்டு இன்னும் வந்தபாடில்லை. கேட்டால் வீட்டிலேயே கொடுத்தாகிவிட்டது என்று கூரியர்காரர் சாதிக்கிறார். எந்த வீட்டில், யார் கையில்? இந்தக் காலத்தில் பொறுப்பு என்பதே அற்றுப் போய்விட்டது. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டேன்.

வரும் சனிக்கிழமை நீயும் அத்தானும் மருமகளும் கட்டாயம் வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு வழி உனக்குச் சொல்ல வேண்டுமா என்ன. சாவிக்கொத்தை உன் காதுக்கு நேரே போட்டுக் காட்ட வேண்டும் என்று இவள் ஆசைப்படுகிறாள். அக்கா, அவள் பேச்சு பேச்சுதான் என்று உலகத்துக்கு நிரூபித்தது உன் போன். நீ நூறு வயது இருந்து, எல்லா ரோஜாப் பூவையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம், மருமகளுக்கு எங்கள் இருவரின் ஆசி, உன் முழங்காலுக்கு என் தனி விசாரிப்பு.

உன் அன்பையும் அதட்டலையும் ஒருசேர வேண்டும்,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க. நாம வீடு மாறினதை அண்ணிகிட்ட சொல்லிட்டீங்கல்ல?" என்றாள். அவள் சொல்லியிருப்பாள் என்று நானும், நான் சொல்லியிருப்பேன் என்று அவளும் இருந்திருக்கிறோம். போனில் வாயெடுக்கும்போதெல்லாம் உன் முழங்கால் குறுக்கே வந்துவிட்டது. ஆகவே தாளின் தலையில் அச்சாகியிருக்கும் இடத்தில் நாங்கள் இப்போது இல்லை. கூரியர்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ எழுதி அனுப்பிய பழைய விலாசத்தில்தான் அவர் கொடுத்திருக்கிறார், அங்கே யாரோ உன் மழைக்கோட்டில் உலாத்திக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை அங்கே போய்க் கதவைத் தட்டிவிடாதே. புது விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், தயவு செய்து முதலில் அதை உன் மண்டையில் ஏற்றிக்கொள். ஏற்றும்வரை எங்கள் கதி என்ன என்று இவளிடம் கேட்டேன். "வேற என்ன? நம்மளைத் தேடி அண்ணியைக் கேட்கிறவங்க எல்லாம் நேரா மெத்தைக் கடைக்குத்தான் போய் நிப்பாங்க" என்றாள்.